முதல் நாழிகை

பண்டைக் காலத்தில் வெளியூர்ப் பயணம் புறப்பட்டோர் தம் பணத்தை ஓரிடத்தில் வைத்ததில்லை. சிறிது மடியில் இருக்கும். சிறிது சுருக்குப் பையில் இருக்கும். எஞ்சியது துணி மூட்டையின் அடியில் கிடக்கும். நிலப் பத்திரமும் நகையும் வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். பெட்டியின் சாவி வீட்டிலுள்ள முதியவரின் இடுப்பில் தொங்கும். வழியில் ஒன்று களவு போனாலும் மற்றொன்று மிஞ்சும். இன்று பயணம் செல்வோர் அவ்வாறு செய்வதில்லை. பணம், பயணச்சீட்டு, அடையாளச் சான்று, வங்கிக் கணக்கின் வழி, உற்றார் உறவினரின் எண்கள், குடும்பத்தின் நிழற்படங்கள் ஆகிய அனைத்தும் கைப்பேசி என்னும் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. அப்பெட்டியோ சட்டைப் பையில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் நாள் கொல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அக்காலத்தில் ஒருவர் கைப்பேசியைத் தொலைத்தால் ஒரு கருவியைத்தான் தொலைத்தார். 2016 ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை வந்தபின் நிலைமை மாறியது. கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய்; அதனுள் இருப்பதற்கு விலை கூற இயலாது. ஆயினும், கைப்பேசியை இழந்தவர் முதலில் வருந்துவது அதன் விலையை எண்ணியே.

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஏனாத்தூரில் ஒரு குடும்பம் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டில் கைப்பேசி ஒன்றே உண்டு. அது தாயின் பெயரில் வாங்கப்பட்டது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு உருளைப் பதிவு ஆகிய யாவும் அந்த ஓர் எண்ணோடு இணைக்கப்பட்டுள்ளன. மாதந்தோறும் மகளிர் உரிமைத் தொகையான 1,000 ரூபாய் கணக்கில் சேர்ந்ததை அறிவிப்பதும் அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திதான். பத்தாம் வகுப்பில் பயிலும் மகன் தாம்பரத்திலுள்ள மாமா வீட்டிற்குப் புறப்படுகிறான். வழித்துணையாக இருக்கட்டும் என்று தாய் கைப்பேசியைக் கொடுத்தனுப்புகிறாள். ரயில் வாலாஜாபாத்தையும் பழையசீவரத்தையும் கடந்து செங்கல்பட்டில் நிற்கிறது. ஒரு கூட்டம் இறங்குகிறது. அதனினும் பெரிய கூட்டம் ஏறுகிறது. தாம்பரத்தில் இறங்கியபின் பையைத் தொட்டுப் பார்க்கிறான். கைப்பேசி இல்லை.

அவன் செய்வது என்ன? அருகில் நின்றவரிடம் கெஞ்சி அவருடைய கைப்பேசியிலிருந்து தன் எண்ணை அழைக்கிறான். அது அணைக்கப்பட்டுள்ளது. மாமாவிடம் உண்மையைச் சொல்ல அவன் நா எழவில்லை. "மின்னேற்றம் தீர்ந்துவிட்டது, மாமா" என்று சொல்லி வைக்கிறான். எப்படியும் கிடைத்துவிடும் என்ற நப்பாசை ஒரு பக்கம். அப்பா அடிப்பாரே என்ற அச்சம் மறுபக்கம். பொழுது சாய்ந்த பிறகே உண்மை வெளிவருகிறது. ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது.

இத்தகைய நிகழ்ச்சி எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நேரக்கூடியதே. கைப்பேசி தொலைந்ததால் வரும் இழப்பைக் காட்டிலும், தொலைந்ததை மறைத்ததால் வரும் இழப்பே பெரிது என்பதை இளைஞரும் முதியோரும் உணரவேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடக்கக்கூடும் என்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

கைப்பேசியின் முகப்பில் பூட்டு உண்டு. பலர் அதையே பெருங்காவல் என்று நம்பியிருக்கின்றனர். அப்பூட்டு கருவியைக் காக்கிறது. உள்ளே செருகப்பட்ட சிம் அட்டையைக் காப்பதில்லை. கள்வன் அந்த அட்டையைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் இட்டால், தாயின் எண்ணுக்கு வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் அவனையே சென்றடையும். வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அக்குறுஞ்செய்தியில்தான் வருகிறது. பணம் எடுக்கும் அட்டையையும் ஆதாரையும் நிழற்படம் பிடித்துக் கைப்பேசியிலேயே வைத்திருப்போர் பலர். முகப்புப் பூட்டும் எளியதாக இருந்துவிட்டால், கள்வன் வேறு எதையும் தேடி அலைய வேண்டுவதில்லை. இரகசிய எண்ணை 'ஏ.டி.எம். மாமா' என்பதுபோல் ஓர் உறவினர் பெயரில் ஒளித்து வைக்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கின்றனர். அந்தச் சாமர்த்தியம் கள்வர் அறியாததன்று.

தீங்கு அக்குடும்பத்தோடு நிற்பதுமில்லை. கைப்பேசியில் இருப்பவை உடையவருக்கு மட்டும் உரியவை அல்ல. அண்டை வீட்டாரின் எண், தோழியின் நிழற்படம், உறவினர் நம்பிக்கையோடு எழுதிய செய்தி ஆகியவை பிறர் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்கள். கள்வன் தாயின் பெயரில் உறவினர்க்கெல்லாம், "மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புக" என்று செய்தி விடுத்தால், இரக்கமுள்ள உறவினரே முதலில் ஏமாறுவர்.

ஆகவே தொலைந்த முதல் நாழிகையே விலைமதிப்பற்றது. நாழிகை என்பது 24 நிமிடம். அதற்குள் மூன்று செயல்களையும் செய்து முடிக்க முடியும். தன் எண்ணை இரண்டொரு முறை அழைத்துப் பார்த்தல் முதலாவது. நல்லவர் கையில் கிடைத்திருந்தால் அவர் எடுத்துப் பேசுவார். பேசவில்லையெனில், தொலைபேசி நிறுவனத்தை அழைத்துச் சிம் அட்டையை முடக்குமாறு கேட்டல் இரண்டாவது. வங்கிக்குத் தெரிவித்துக் கைப்பேசி வழிப் பரிமாற்றத்தை நிறுத்துதல் மூன்றாவது. ஏனாத்தூர்ச் சிறுவனுடைய இடர் இங்கேதான் உள்ளது. அட்டை தாயின் பெயரில் இருக்கிறது, கணக்கும் தாயுடையது. தன் விவரங்களைச் சொல்லி இவற்றை முடக்கவேண்டியவள் அவளே. மகன் வாய் திறவாதவரை அவளால் ஒன்றும் செய்ய இயலாது.

வங்கிக்கு விரைந்து தெரிவிப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. 2017 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. அதன்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், தெரிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு அவரைச் சேரும். தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். எனவே, மகன் அஞ்சி மறைத்த ஒவ்வொரு மணி நேரமும் தாயின் கணக்கில் எழுதப்படுகிறது. பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் எண்ணை அழைத்து இணையக் குற்றப் பிரிவில் முறையிடலாம். அங்கும் விரைவே வெற்றி. பணம் கைமாறிக் கைமாறிச் செல்வதற்குள் வழியில் மறிக்க வேண்டும் அன்றோ?

இவ்விடத்தில் பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. பிள்ளை ஏன் மறைக்கிறான்? முன்பு ஒருமுறை குடையைத் தொலைத்தபோது கிடைத்த அடி அவன் நினைவில் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதரைக் காண வந்த மக்கள் வெள்ளத்தைக் காஞ்சிபுரம் மறந்திராது. அத்தகைய நெரிசலில் கைப்பொருளை இழப்பது முதியோர்க்கும் நேரும். இழந்தவனைக் கடிந்துகொள்ள ஒரு திங்கள் முழுதும் இருக்கிறது. சிம் அட்டையை முடக்குவதற்கோ ஒரு நாழிகைதான் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது என்பதைச் சினம் தீர்மானிக்கும்படி விடுவது பேதைமை.

பூட்டும் கடவுச்சொல்லும் பேசப்படும்போது, "எல்லாரும் திருடரா? கண்டெடுத்தவர் நல்லவராக இருக்கக்கூடாதா?" என்று வினவுவோர் உண்டு. இதற்கு விடை அதே மாவட்டத்து உத்திரமேரூரில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை அவை கூறுகின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிப்பர். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்கவேண்டும். வாங்கியவர் ஊரார் மதித்த பெரியவரே. அவரைக் கள்வர் என்று எவரும் கருதவில்லை. ஆயினும் விரலை விரிக்கச் சொன்னார்கள். ஐயத்திற்கு இடம் வைக்காத விதி நல்லவரின் நற்பெயரையும் காத்தது. கைப்பேசியின் பூட்டும் அத்தகையதே. நல்லவர் கையில் கிடைத்தால் அவருக்கு உதவும் வழியும் உண்டு. உறவினர் ஒருவரின் எண் பூட்டிய முகப்பிலேயே தெரியுமாறு அமைத்து வைக்கலாம்.

நாட்டின் சட்டமும் இத்துறையில் உறங்கிக் கிடக்கவில்லை. தனியுரிமை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21 ஆம் கூறு காக்கும் அடிப்படை உரிமை என்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மக்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கடமை விதிக்கும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் செங்கல்பட்டு நிலையத்து நெரிசலில் ஒருவரது சட்டைப் பைக்குக் காவல் நிற்காது. அங்கே காவல் அவரவரே.

அக்காவலைப் புறப்படுமுன் வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சிம் அட்டைக்கும் தனியே ஒரு பூட்டு எண் அமைக்கலாம் என்பதைப் பலர் அறியார். அமைத்துவிட்டால், அட்டையை எந்தக் கருவியில் இட்டாலும் அந்த எண்ணைக் கேட்கும். மும்முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். பூட்டிய முகப்பின்மீதே குறுஞ்செய்தி முழுவதும் தெரியும் அமைப்பையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல், கதவைத் தாழிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதையாகும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. தொலைந்த கைப்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டவும், உள்ளிருப்பதை அழிக்கவும் கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் வழி செய்துள்ளன. அதற்கு வேறொரு கருவியின் வாயிலாகத் தன் கணக்கினுள் நுழைய வேண்டும். நுழைய முயன்றால், "நீர்தாமா?" என்று உறுதி கேட்கும் செய்தி தொலைந்த கைப்பேசிக்கே சென்றுவிடக்கூடும்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர் நிலைதான் இது. இதற்காகவே கூகுள் நிறுவனம் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்று எண்களை வழங்குகிறது. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கலாம். எல்லாம் திரையில் வந்துவிட்ட இக்காலத்திலும் தாளுக்கும் மைக்கும் வேலை இருக்கிறது.

கைப்பேசி ஒவ்வொன்றுக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். வாங்கிய பெட்டியின்மீதும் அச்சிடப்பட்டிருக்கும். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது பெற்று, நடுவண் அரசு 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் விரித்த 'சஞ்சார் சாத்தி' தளத்தில் இவ்வெண்ணைப் பதிந்தால், அக்கருவி இந்தியாவின் எந்த வலையமைப்பிலும் இயங்காதபடி தடுக்கப்படும். பின்னர் எவரேனும் அதில் வேறு அட்டையை இட்டால், அச்செய்தி காவல்துறைக்கு எட்டும். தமிழ்நாட்டின் மாவட்டக் காவல் அலுவலகங்களில், மீட்கப்பட்ட கைப்பேசிகளை உரியவரிடம் ஒப்படைக்கும் காட்சியை நாளேடுகளில் காண்கிறோமே, அதற்கு அடிப்படை இந்த 15 இலக்கங்களே. அதுவரை, "உமது கைப்பேசி கிடைத்துவிட்டது, இங்கே கடவுச்சொல்லை இடுக" என்று வரும் செய்தியை நம்பலாகாது. அது பெரும்பாலும் கள்வன் விரிக்கும் இரண்டாவது வலை.

ஏனாத்தூர்க் குடும்பத்திற்கே திரும்பலாம். மாமா மருமகனைத் திட்டாமல் உடனே அக்காளுக்குப் பக்கத்து வீட்டு எண் வழியாகச் செய்தி சொல்கிறார். சிம் அட்டை அன்றிரவே முடக்கப்படுகிறது. மறுநாட் காலை தாய் தன் அடையாளச் சான்றோடு நேரிற் சென்று அதே எண்ணுக்குப் புதிய அட்டை வாங்குகிறாள். அதற்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. பிறர் பெயரில் அட்டை பெற்று மோசடி செய்வோரைத் தடுக்க ஏற்பட்ட நிறுத்தம் அது. அந்த ஒரு நாளும் வீட்டில் எவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மகன் பரண்மேல் ஏறி, கைப்பேசி வாங்கிய பழைய பெட்டியைத் தேடி எடுத்துத் தூசி தட்டுகிறான். அதிலுள்ள எண்ணை அவன் உரக்கப் படிக்க, தாய் சுவரிலிருந்த நாட்காட்டியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் ஒவ்வோர் இலக்கமாக எழுதிக்கொள்கிறாள்.