கவுண்டரை நம்பும் முன்

சென்னை ரிச்சி தெருவில் எட்டு இலக்கம் காட்டும் ஃப்ரீக்வென்சி கவுண்டர் ஒன்றை வாங்கி வந்து, உங்கள் ஹாம் ரேடியோவின் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை அதில் இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 10.000003 என்று வருகிறது. கிரிஸ்டல் 3 ஹெர்ட்ஸ் கூடுதலாக ஓடுகிறது என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கவுண்டருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல்தான் இருக்கிறது. ஒரு நொடி என்பது எவ்வளவு நேரம் என்று கவுண்டருக்குச் சொல்வதே அதுதான். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 10 மெகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் தவறாகத் தெரியும். அப்படியிருக்க, அந்த 3 ஹெர்ட்ஸ் எந்தக் கிரிஸ்டலின் கணக்கில் சேரும்? கவுண்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருநாளும் தெரியாது.

வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் மேசை வைத்திருப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இன்னும் விலை கூடிய கருவியைத் தேடிப் போகிறார்கள். ஆனால் வேண்டியது இன்னொரு கருவி இல்லை, நம்பத்தக்க ஒரு நொடி. அதை வைத்துக்கொண்டு கையில் இருக்கும் கருவியின் பிழையைக் கண்டுபிடித்து எழுதிவைத்தால் போதும்.

இந்த வேலை சென்னைக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் மைக்கேல் டாப்பிங் எழுப்பிய மெட்ராஸ் வானாய்வகத்தில், லண்டனைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் ஓடியது. 1769-இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்க்க கேப்டன் குக் டஹிட்டிக்குக் கொண்டுபோனதும் ஷெல்டனின் கடிகாரம்தான். அந்தக் காலத்து வானாய்வாளர் கடிகாரத்தை அப்படியே நம்பிவிடமாட்டார். ஒரு நட்சத்திரம் டெலஸ்கோப்பின் நடு இழையைக் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஓசையை எண்ணிக்கொண்டே குறித்துக்கொள்வார். அது கடக்க வேண்டிய நேரத்துக்கும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய பிழை. மறுநாளும் பார்த்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று தெரிந்துவிடும். அதற்காக முள்ளைத் தொட்டுத் தொட்டுத் திருத்துவதில்லை. தொட்டால் ஊசலின் ஓட்டம் கலையும். பிழை ஏட்டில் ஏறும், கணக்கில் கழிக்கப்படும். தினமும் இரண்டு நொடி பிந்தும் கடிகாரம், என்றைக்கும் அதே இரண்டு நொடிதான் பிந்துகிறது என்றால், அது முதல்தரமான கடிகாரம்.

அப்படிக் கணித்த மெட்ராஸ் நேரத்தை நம்பித்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வந்தது. சென்னை அதற்கு இரண்டேகால் டிகிரி மேற்கே இருப்பதால், நம் கைக்கடிகாரம் ஊரின் சொந்த நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முந்தியே காட்டுகிறது. டெலஸ்கோப்பைத் தாங்கிய கருங்கல் தூண் கல்லூரிச் சாலை வானிலை மையத்தின் வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டோடு இன்னும் நிற்கிறது. ஷெல்டன் கடிகாரம் கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் போய்விட்டது.

நட்சத்திரத்தின் இடத்தில் இன்று செயற்கைக்கோள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். மாட்யூலில் நொடிக்கு ஒரு பல்ஸ் கொடுக்கும் கால் ஒன்று உண்டு. வானத்தில் சுற்றும் அணுக்கடிகாரங்களை ஒட்டி வருவதால், அந்தப் பல்ஸ் சில பத்து நானோநொடிகளுக்குள் சரியாக இருக்கும். இரண்டு பல்ஸுக்கு நடுவே உங்கள் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் எத்தனை அலை போடுகிறது என்று எண்ணுங்கள். சரியாக ஒரு கோடி வர வேண்டும். ஒரு கோடியே பன்னிரண்டு வந்தால், அது பத்து லட்சத்துக்கு 1.2 பங்கு வேகம். ஒரே நொடியில் நிறுத்திவிட்டால் ஓர் அலை கூடக் குறைய இருக்கலாம். அதையே ஆயிரம் நொடிக்கு எண்ணுங்கள். மொத்தம் ஆயிரம் கோடி அலை. ஓர் அலைப் பிசகு ஆயிரம் கோடியில் ஒன்றாகிவிடும். பதினேழு நிமிடம் காத்திருப்பதுதான் செலவு. பெரிய விலை கொடுத்து வாங்கும் துல்லியத்தில் பெரும்பங்கு இப்படிப் பொறுமைக்கே கிடைத்துவிடுகிறது.

நம் ஊரில் வெப்பநிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சுவர்க்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் மெதுவாகும். மே மாதத்தில் 38 டிகிரி ஏறும் தி. நகர் மாடி அறையில் அது நாளுக்கு அரை நொடி, மாதத்துக்குப் பதினைந்து நொடி பிந்திவிடும். கவுண்டருக்குள் இருக்கும் கிரிஸ்டல் வேறு வகை, ஆனாலும் ஏ.சி. போட்டதும் எண்ணிக்கை நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் நோட்டில் தேதி, மணி, அறை வெப்பம், ஆயிரம் நொடிக்கு எத்தனை அலை கூடுதல் என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோடைக்கும் ஒரு ஐப்பசி மழைக்கும் எழுதினால் உங்கள் கருவியின் குணம் முழுதும் பிடிபட்டுவிடும்.

அடுத்த படி, ஓவன் ஆசிலேட்டரை ஜி.பி.எஸ்ஸுடன் சேர்ப்பது. ஓவனுக்குள் கிரிஸ்டல் எந்த அக்னி நட்சத்திரத்தையும் விடச் சூடான ஒரே வெப்பத்தில் இருக்கும். நொடிக்கு நொடி அலுங்காமல் ஓடும். ஆனால் வாரக்கணக்கில் மெல்ல நகரும். ஜி.பி.எஸ். பல்ஸ் நொடிக்கு நொடி ஆடும், வாரக்கணக்கில் நகராது. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. ஒரு கட்டுப்பாட்டு சர்க்யூட் ஓவனை மெதுவாகத் திருத்திக்கொண்டே இருக்கும். அவசரமாகத் திருத்தினால் ஜி.பி.எஸ்ஸின் ஆட்டம் ஓவனுக்குள் புகுந்துவிடும். மின்சாரம் போய் வந்தால் ஓவன் மறுபடி அடங்க மணிக்கணக்காகும். ஆகவே பேட்டரி கட்டாயம்.

ஆன்டெனாவை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் வைக்காதீர்கள். கேபிள் மீட்டருக்கு ஐந்து நானோநொடி தாமதம் சேர்க்கும். அது மாறாத தாமதம் என்பதால் அலை எண்ணுகிறவருக்குப் பாதிப்பில்லை. நேரத்தையே ஒப்பிடுகிறவர் கழித்துக்கொள்ள வேண்டும். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்று கனெக்டரை அரித்துவிடும். நீர் புகாத டேப் சுற்றாமல் விடாதீர்கள்.

காலிப்ரேஷன் சான்றிதழைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் கருவி சரியாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேதியில், அந்த வெப்பத்தில் கருவி எவ்வளவு விலகியிருந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தொழிலுக்கோ சட்டத்துக்கோ அந்தக் காகிதம் தேவை. அதற்குத் திருவான்மியூரில் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் சோதனை மையம் இருக்கிறது. வீட்டு ஜி.பி.எஸ். அந்த இடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு சான்றிதழுக்கும் அடுத்த சான்றிதழுக்கும் இடையே கருவி எப்படி நடந்துகொண்டது என்பது நோட்டு எழுதுகிறவருக்குத்தான் தெரியும்.

நகரத்தின் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கவுண்டருக்கு ஆர்டர் போடுவதற்கு முன், லேபின் மாடியில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா வையுங்கள். அந்தப் பல்ஸை எல்லா மேசைக்கும் கொண்டுவாருங்கள். இருக்கும் ஒவ்வொரு கவுண்டரின் பிழையையும் மாணவர்களே அளந்து, தேதி போட்டு, அதன் முகப்பில் ஒட்டட்டும். இதற்கு ஆகும் செலவு புதிய கருவி ஒன்றின் விலையில் சிறு பங்குகூட வராது.