மெழுகுவர்த்தியில் வெள்ளைப் பூச்சு

மார்த்தாண்டம் பக்கம் இந்தியத் தேனீ வளர்க்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. ரப்பர் துளிர்ப் பருவத்துத் தேன் எடுத்ததும், ஒதுக்கிய அடைகளை உருக்கி வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்து, கிறிஸ்துமஸ் விற்பனைக்கென்று பரணில் வைத்தாராம். டிசம்பரில் இறக்கிப் பார்த்தால் பாதி வளைந்து கிடக்கிறது. மீதியில் வெள்ளைப் பூச்சு. கடைக்காரர், பூஞ்சணம் பிடித்த சரக்கு என்று பாதி விலைக்குக் கேட்கிறார்.

அவசரப்பட்டு அந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல. தேன்மெழுகில் எளிதில் உருகும் கூறுகள் நாள்பட மேலே வந்து படிவதுதான் அது. மெல்லிய பருத்தித் துணியால் தேய்த்தாலோ, இளஞ்சூட்டில் சற்றுக் காட்டினாலோ மறைந்துவிடும். கடைக்காரர் முன்னிலையிலேயே ஒன்றைத் துடைத்துக் காட்டலாம். பாரஃபின் மெழுகில் இப்படி வருவது அரிது என்பதையும் சொல்லலாம். அரிசிமாவு போலப் படியாமல், பஞ்சு போலப் புசுபுசுவென்று, வாடையோடு இருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். மெழுகில் தேனோ அழுக்கோ தங்கியிருக்கும்.

வளைந்ததற்குக் காரணம் பரண். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையை ஒட்டிய இடத்தில் நிமிர்த்தி வைத்த வர்த்தி நேராக நிற்காது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையோரமாக, மூடியுள்ள தகரப் பெட்டியில் படுக்கை வசமாக அடுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை வெள்ளைத்தாள் போதும்; செய்தித்தாளின் மை ஒட்டும். அந்துருண்டை போடவே கூடாது, மெழுகு அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம். வெடிப்பு விடும், திரியில் ஈரம் ஏறினால் எரியும்போது படபடக்கும்.

உண்மையில், ஏப்ரலில் வார்த்து டிசம்பர் வரை காப்பதே வீண் வேலை. அடையைத் தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தில் உருக்கி (இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும்), துணியில் வடிகட்டி, கட்டியாக உறையவிட்டு வையுங்கள். சுத்தமான கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாது. மெழுகு அந்துப்பூச்சி நாடுவது உருக்காத அடையில் உள்ள மகரந்தத்தையும் புழுக்கூட்டுத் தோலையும்தான். எனவே அடையாகச் சேர்த்து வைக்காதீர்கள். வர்த்தியை நவம்பரில் வார்த்தால் போதும். வளைந்தவற்றையும் தூக்கி எறிய வேண்டாம்: வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்கி, புதுத் திரி போட்டு இந்த வாரமே வார்த்துவிடலாம்.