மக்கர் செய்தது துப்பாக்கியா, தோட்டாவா?

பீகாரில் 2019 ஆகஸ்டு 21-ந் தேதி நடந்தது இது. முன்னாள் முதல்-மந்திரி ஜெகந்நாத் மிஸ்ராவின் உடலுக்கு, சுபால் மாவட்டத்தில் உள்ள அவரது சொந்த ஊரில் அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு. முதல்-மந்திரி நிதிஷ்குமாரும் வந்திருந்தார். போலீசார் 22 துப்பாக்கிகளை வானத்தை நோக்கி உயர்த்தினார்கள். விசையை இழுத்தார்கள்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை!

விசாரணை என்று அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் சிரித்தது. சிரிப்புக்கு ஆளானவர்கள் யார்? துப்பாக்கி பிடித்து நின்ற போலீஸ்காரர்கள்தான்.

கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? 22 துப்பாக்கியும் ஒரே நொடியில் கெட்டுப் போகுமா? 22 பேருக்கும் ஒரே நேரத்தில் விரல் மரத்துப் போகுமா? எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கக் கூடியது தோட்டா. சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். ஆனால் தோட்டாவுக்கு முகம் இல்லையே! கேலி செய்ய ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

பீகாரில் போனது மானம் மட்டுமே. இதே பழக்கத்தால் உயிர்கள் போன கதை ஒன்று உண்டு.

வியட்நாமில் நடந்தது

அமெரிக்க ராணுவம் வியட்நாம் போருக்கு எம்-16 என்ற புது ரகத் துப்பாக்கியைக் கொடுத்தது. எடை குறைவு, சின்ன தோட்டா, படபடவென்று சுடும். 1967 ஏப்ரல், மே மாதங்களில் கேசான் பக்கத்துக் குன்றுகளில் கடும் சண்டை. அங்கே போன கடற்படைத் தரைப்படையினருக்கு இந்தத் துப்பாக்கி கைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது.

சண்டை நடுவே துப்பாக்கி மக்கர் பண்ணியது. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே வந்து விழ வேண்டும். அது உள்ளேயே இறுகிக்கொண்டது. அதை எடுக்க ஒரே வழி, குழல் வாய் வழியாக இரும்புக் கம்பியை விட்டுக் குத்தித் தள்ளுவது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கிறான், இவன் கம்பியால் குத்திக்கொண்டிருக்கிறான்! அந்தக் கம்பியும் எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. பிரித்துப் போட்ட துப்பாக்கியின் பக்கத்தில் பிணமாகக் கிடந்தவர்களைப் பற்றி ஒரு வீரர் ஊருக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வந்தது. அமெரிக்கா கொதித்தது.

மேலிடம் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பையன்கள் சரியாகத் துடைப்பதில்லை!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மூரில் சொல்வார்கள். அங்கே கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தது.

மருந்தை மாற்றினார்கள்

இந்தத் துப்பாக்கியை யூஜின் ஸ்டோனர் உருவாக்கியபோது தோட்டாவுக்குள் இருந்தது ஒருவகை வெடிமருந்து. ராணுவம் கேட்ட வேகத்தை, அழுத்தம் எல்லை மீறாமல், அந்த மருந்தால் தொடர்ந்து கொடுக்க முடியவில்லை. எனவே 1964-ல் உருண்டை மணிகளாக உள்ள வேறு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். துப்பாக்கி பழசு, மருந்து புதுசு. இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்த்தவர் இல்லை!

புது மருந்தில் துப்பாக்கி இயங்கும் வேகம் எகிறியது. நிமிடத்துக்கு 700, 800 என்று சுட வேண்டியது 1,000-ஐத் தொட்டது. காலிக்கூடு தளர்ந்து விடுபடுவதற்குள் அதைப் பிடித்து இழுக்கும் கொக்கி அவசரப்பட்டது. மருந்து கெடாமலிருக்க அதில் சேர்த்திருந்த சுண்ணாம்புச் சத்து, புகைபோகும் குழாயில் படிந்து அடைத்தது. போதாக்குறைக்கு, முந்தைய எம்-14 துப்பாக்கியின் தோட்டா அறைக்கு இருந்த குரோமியம் பூச்சு இதற்கு இல்லை. வியட்நாம் மழையிலும் ஈரத்திலும் அறை துருப்பிடித்தது, கூடு ஒட்டிக்கொண்டது.

அமெரிக்கப் பாராளுமன்றத்தில் மிசவுரி உறுப்பினர் ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் குழு அமைத்து விசாரித்தார்கள். 1967 அக்டோபரில் அறிக்கை வந்தது. தோட்டாவின் குறைகளைச் சரிசெய்யாமல் விட்டது குற்றத்துக்கு நெருங்கிய அலட்சியம் என்று அந்தக் குழு போட்டு உடைத்தது.

துடைக்காததும் ஒரு காரணம்தான், இல்லை என்பதற்கில்லை. ஆனால் "இதைத் துடைக்கவே வேண்டாம்" என்ற பேச்சைப் பரவ விட்டது யார்? துடைக்கும் சாமான் போதாமல் அனுப்பியது யார்? 1968-ல் ராணுவம் வில் ஐஸ்னர் என்ற பிரபல ஓவியரை வைத்துச் சித்திரக்கதையாகவே ஒரு பராமரிப்புப் புத்தகம் போட்டது. நல்ல புத்தகம்தான். ஒரு வருஷம் முந்தி வந்திருக்கலாம்!

குழல் குட்டையானால்...

இதே தோட்டாவைக் குட்டைத் துப்பாக்கியில் போட்டால் தொல்லை இன்னும் கூடும். வியட்நாமிலேயே 20 அங்குலக் குழலை 10 அங்குலமாக வெட்டி ஒரு ரகம் செய்தார்கள். நீளக் குழலுக்காக அளந்து போட்ட மருந்து முழுதும் எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. மிச்சம் வாயில் நெருப்பாகவும் காது கிழியும் சத்தமாகவும் வருகிறது. துப்பாக்கியை இயக்கும் புகைக்கு நேரம் போதவில்லை. துளையைப் பெரிதாக்கினால் அடி பலமாக விழுகிறது. கடைசியில் குழலை 11½ அங்குலமாக நீட்டினார்கள். ரைபிள் தோட்டா போடும் கைத்துப்பாக்கிகள் இன்று அமெரிக்காவில் விற்பனையாகின்றன. அவற்றுக்கும் இதே தலைவலிதான். ஒரு கம்பெனி தோட்டாவில் ஒழுங்காக ஓடும், இன்னொன்றில் திக்கும்.

கண்டுபிடிப்பது கம்பசூத்திரம் அல்ல. ஸ்கூட்டர் நின்றுவிட்டால் நல்ல மெக்கானிக் என்ஜினைப் பிரிப்பதற்கு முன் பெட்ரோலைப் பார்ப்பான். அதே மாதிரிதான். அதே துப்பாக்கியில் வேறு பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும். அந்தப் பெட்டித் தோட்டாவை வேறு துப்பாக்கியில் போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாக்கூட்டை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கோளாறு எதோடு சேர்ந்து நகர்கிறதோ அதுதான் குற்றவாளி. திக்கிய தோட்டாவைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதன் அடிப்பாகமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஊசி குத்திய தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டா மீது. தழும்பு லேசாக இருந்தால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும்.

தோட்டா வாங்கியது யார், எந்த வருஷத்துச் சரக்கு, எந்தக் கிடங்கில் எத்தனை மழைக்காலம் இருந்தது? பெட்டி மேலே தொகுதி எண் அச்சாகி இருக்கும். போலீசார் பயிற்சிக்குச் சுடும்போது எத்தனை குண்டு வெடித்தது, எத்தனை திக்கியது என்று அந்த எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுத ஒரு ரைட்டர் போதும். பத்து ரூபாய் பேனா போதும்.

வியட்நாம் துப்பாக்கி பிறகு சரியாகித்தான் போனது. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள். வேகத்தைக் குறைக்கப் பின்பக்கத் தடுப்பை மாற்றினார்கள். மருந்தில் சுண்ணாம்பைக் குறைத்தார்கள். துடைக்கும் கம்பியும் வந்து சேர்ந்தது. இதில் ஒன்றாவது குன்றின் மேல் படுத்திருந்த பையன் கையில் இருந்த வேலையா?