உயரம் போதாத சிறுவன்



சென்ற மாதம் நம் சங்கத்தின் ஆண்டுவிழாக் கால்பந்துப் போட்டிக்குச் சிறுவர்களைத் தெரிந்தெடுத்தபொழுது, தெரிவுக் குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் முன்வந்து நின்றான். மற்றவர்களின் தோள் அளவுகூட அவன் இல்லை. "அடுத்த வருஷம் வா தம்பி, கொஞ்சம் வளர்ந்து வா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவன் ஆடுவதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. உயரத்தைப் பார்த்ததோடு சரி. வீடு திரும்பிய பின் அச்சொல் நம் நெஞ்சை உறுத்திற்று. இதே சொல்லைக் கேட்டுத் திரும்பிய வேறொரு சிறுவனின் வரலாற்றை நாம் அறிவோம். அதையே இம்மாதம் உங்களுக்குக் கூறப் புகுகிறோம்.

அட்ரியாட்டிக் கடற்கரையில் ஸாதர் என்றொரு பழைய துறைமுக நகர் உண்டு. இன்று அது குரோவேஷிய நாட்டைச் சேர்ந்தது. அங்கே 1985 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் லூக்கா மோட்ரிச். பெற்றோர் இருவரும் பின்னலாடை ஆலையில் உழைத்தவர்கள். குழந்தைக்குப் பாட்டனாரின் பெயரையே சூட்டினார்கள். யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டபொழுது, 1991 டிசம்பரில் அப்பாட்டனார் கொல்லப்பட்டார். ஆறு வயதுச் சிறுவன் குடும்பத்தோடு அகதியானான். தந்தை படையில் சேர்ந்தார். ஸாதர் நகரில் விடுதி அறைகளிலேயே அக்குடும்பம் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தது.

பிழைப்பு நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். எனினும், லீவு கிடைத்தால் ரயிலேறிச் சென்று பார்க்க நம்மில் பலருக்கு ஊரில் ஒரு வீடு உண்டு. அச்சிறுவனுக்கு அதுவும் இல்லை. அவனுக்கு இருந்தவை ஒரு பந்தும், விடுதியின் வண்டிகள் நிறுத்தும் திடலுமே. குண்டுச் சத்தம் ஓய்ந்த வேளைகளில் அங்கேதான் அவன் ஆடினான்.

நாட்டின் புகழ்பெற்ற கழகமாகிய ஹைதுக் ஸ்பிளிட்டுக்குச் சென்று ஆடிக் காட்டினான். மிகச் சிறியவன், மெலிந்தவன் என்று சொல்லி அவனை ஏற்க மறுத்துவிட்டார்கள். மனமுடைந்து திரும்பியவனை ஸாதர் கழகத்து இளைஞர் பிரிவின் பயிற்சியாளர் தோமிஸ்லாவ் பாஷிச் கைவிடவில்லை. அவர் கண்டது உயரத்தையன்று. பந்து வருமுன்னரே அதை எங்கே அனுப்புவது என்று தேர்ந்துவைத்திருக்கும் சிறுவனின் அறிவை.

இவ்வறிவே நடுக்கள ஆட்டக்காரருக்கு உயிர். முன்வரிசையில் ஆடுபவர் பெரும்பாலும் எதிரிலுள்ள கோலை நோக்குவார். பின்வரிசைக்காரருக்கு ஆபத்து முன்னிருந்தே வரும். நடுவில் நிற்பவருக்கோ நான்கு திசையிலும் எதிரிகள். ஆகவே, பந்து தம்மிடம் வருவதற்குள் தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம் ரயில் நிலையத்தையே எண்ணிப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நிற்போர் கண்ணில் படுவது எஞ்சினும் அதை ஓட்டுபவரும். வரும் வண்டி எந்தப் பாதையில் புக வேண்டும் என்பதை முன்கூட்டி அறிந்து, பாதையை மாற்றிக் கொடுப்பவரோ கேபினுக்குள் இருக்கிறார். வண்டி வந்தபின் யோசிப்பவருக்கு அங்கே வேலையில்லை. நடுக்கள ஆட்டமும் அத்தகையதே.

தலைநகரின் டினமோ ஸாக்ரெப் கழகம் மோட்ரிச்சைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் உடனே தன் அணியில் ஆடவிடவில்லை. 2003இல் அண்டை நாடான போஸ்னியாவின் மோஸ்தார் நகரக் கழகத்துக்கு அனுப்பிற்று. முரட்டு ஆட்டத்துக்குப் பெயர் போன களம் அது. பதினெட்டு வயதில் அந்நாட்டு லீக்கின் சிறந்த வீரர் என்ற பெயரோடு திரும்பினார். பின்னர் டினமோ நீண்டகால ஒப்பந்தம் அளித்தபொழுது, அப்பணத்தில் அவர் வாங்கியது என்ன தெரியுமா? ஸாதரில் பெற்றோருக்கு ஒரு வீடு!

2008இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கழகம். 2012இல் ஸ்பெயினின் ரியல் மத்ரீத். அங்கும் வரவேற்பு இனிதாயில்லை. அவ்வாண்டின் மோசமான ஒப்பந்தம் அவரே என்று ஒரு நாளேட்டின் வாசகர்கள் வாக்களித்தனர். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பதின்மூன்று பருவங்கள் ஆடினார். ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை அக்கழகத்தோடு ஆறு முறை வென்றார். 2014 இறுதியாட்டத்தில், தோல்வி நிச்சயம் என்று தோன்றிய 93ஆம் நிமிடத்தில் அவர் உதைத்த கார்னர் பந்தையே செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமனாக்கினார். மத்ரீத்துக்காக ஏறத்தாழ 600 ஆட்டங்கள் ஆடிய மோட்ரிச் போட்ட கோல்கள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. கோல் கணக்கு ஒன்றையே பார்ப்போருக்கு அவர் பெருமை விளங்காது.

2018 உலகக் கோப்பையில், சுமார் 40 லட்சம் மக்களே கொண்ட குரோவேஷியாவுக்கு அவர் தலைவர். டென்மார்க்குடன் ஆடிய ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தின் 116ஆம் நிமிடம். அவர் அனுப்பிய அருமையான பந்தினால் ஒரு பெனால்டி கிடைத்தது. அதைத் தாமே உதைத்தார். கோல் காவலர் பிடித்துவிட்டார். நாடே தலையில் கை வைத்தது. சில நிமிடங்களில் வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி வரிசை தொடங்கிற்று. தவறவிட்டவர் ஒதுங்கி நின்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் மூன்றாமவராக நடந்து வந்து, அதே காவலர் முன் பந்தை வைத்து, கோல் போட்டார். அவர் ஆட்டங்களுள் நாம் மிகவும் போற்றுவது இந்த ஓர் உதையையே.

இறுதியாட்டத்தில் பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றாலும், போட்டியின் சிறந்த வீரருக்குரிய தங்கப் பந்து மோட்ரிச்சுக்கே கிட்டிற்று. உலகின் சிறந்த வீரருக்குரிய பாலோன் தோர் விருதைப் பத்தாண்டுகளாக மெஸ்ஸியும் ரொனால்டோவுமே மாறி மாறிப் பெற்று வந்தனர். அவ்வாண்டு அதுவும் மோட்ரிச்சை வந்தடைந்தது. 2025இல், நாற்பதை நெருங்கிய வயதில், இத்தாலியின் மிலான் கழகத்தில் சேர்ந்தார். அவர் உயரம் இன்றும் 172 செ.மீ. தான்!

திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள் எல்லோரும் மோட்ரிச் ஆகிவிடுவார்கள் என்று நாம் கூறவில்லை. பலர் ஆகமாட்டார்கள். ஆயினும், ஆடவிட்டுப் பார்க்காமல் ஒருவனை அனுப்பிவிடுவது அவன் குறையன்று. பார்க்கத் தவறியவர் குறை. அக்குறை நம்முடையது.

எனவே, குழுவின் இசைவோடு ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுபடியும் திடலில் கூடுகிறோம். அன்று திரும்பிச் சென்ற தம்பி இதைப் படிப்பானாகில், அவனுக்கு ஒரு வார்த்தை: வளரும்வரை காத்திருக்க வேண்டாம் அப்பா, வா. இம்முறை நீ ஆடுவதைப் பார்க்கிறோம்.