ஒப்பனைக் கடையும் ஒட்டுறவும்

வாணிகங்கள் பலவற்றுள்ளும் வாங்குபவரின் மேனியைத் தொட்டு நடத்தும் வாணிகங்கள் மிகச் சிலவே. தையற்காரர் தோளை அளக்கிறார். சப்பாத்துக் கடைக்காரர் பாதத்தைப் பிடிக்கிறார். வளையற்காரர் கையைப் பிடிக்கிறார். இவர்களுள் வளையற்காரருக்கு நம் இலக்கியத்திலே கிடைத்த பெருமை மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வளையல் விற்ற படலம் என்று ஒரு படலமே உண்டு. மதுரை மாநகரின் வணிக வீதியிலே சிவபெருமானே வளையல் வணிகராக எழுந்தருளி, வணிகர் குல மகளிரின் கைகளைப் பற்றி வளையல் இடுகிறார். இறைவனுக்கே அந்த வேடத்தைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்றால், அத்தொழிலில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிலவிய நெருக்கத்தை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அந்த நெருக்கம் இன்று பேரங்காடியின் கீழ்மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் வாசனைத் தைலமும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் நிற்கிறாள். வந்தவரின் புறங்கையிலே ஒரு துளி கிறீமை இட்டு மெல்லத் தடவுகிறாள். பெயரைக் கேட்கிறாள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லியே வரவேற்கிறாள். வாடிக்கையாளருடன் தனிப்பட்ட உறவை வளர்த்தல் என்று இதற்குப் பெயர் சூட்டி, வியாபாரப் பயிற்சியாளர்கள் வகுப்பு நடத்துகிறார்கள். உறவை வகுப்பில் படித்துக் கொடுக்கலாமா என்று கேட்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. நான் அவ்வாறு நகைக்கப் போவதில்லை. இந்த உறவில் மெய் எவ்வளவு, வேடம் எவ்வளவு, மெய்யை வேடமாக்குவது எது என்பதையே சற்று ஆராய விரும்புகிறேன்.

இந்தக் கலையின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது. டேவிட் மக்கொனெல் என்பவர் வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்றவர். கதவைத் திறக்கும் பெண்களின் மனத்தைக் குளிர்விக்கச் சிறிய வாசனைத் தைலக் குப்பிகளை இலவசமாகக் கொடுத்துவந்தார். புத்தகத்தைவிடத் தைலத்தையே அவர்கள் விரும்புகிறார்கள் என்பது விரைவில் அவருக்குப் புலனாயிற்று. (புத்தகம் எழுதுபவர்கள் இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்.) 1886 ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க்கில் தொடங்கிய தைல வியாபாரமே பின்னாளில் ஏவொன் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அவருடைய கூர்மை தைலத்தில் இல்லை. அதை விற்கப் பெண்களையே அமர்த்தியதில்தான் இருந்தது. அடுத்த வீட்டுப் பெண் கதவைத் தட்டினால் வியாபாரி வந்தான் என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை அல்லவா?

அவருக்குப் பின் வந்தவர்களுள் என் மதிப்புக்கு மிகவும் உரியவர் மடம் சி. ஜே. வாக்கர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867 இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். சாரா பிரீட்லவ் என்பது இயற்பெயர். சலவைத் தொழில் செய்து மகளை வளர்த்தவர். கூந்தல் உதிர்ந்து துன்புற்ற அனுபவமே அவரைக் கூந்தல் தைலத்தின் பக்கம் திருப்பியது. கறுப்பினப் பெண்களை மதித்து வரவேற்காத கடைகள் நிறைந்திருந்த அந்நாட்டில், அவர் கறுப்பினப் பெண்களையே முகவர்களாகப் பழக்கி, அவர்களை அப்பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினார். வந்தவள் தலையைக் கழுவினாள், தைலம் தேய்த்தாள், சீவினாள், பேசினாள். தைலம் விற்கப்பட்டது மெய்தான். ஆயினும் ஊர் முழுவதும் ஒதுக்கிய ஒரு தலையை மரியாதையோடு தொட்ட கை அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1917 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தம் முகவர்களை அழைத்து வாக்கர் ஒரு மாநாடு நடத்தினார். மிகுதியாக விற்றவர்களுக்குப் பரிசு கொடுத்தார். அது எவரும் செய்வது. தருமத்துக்கு மிகுதியாகக் கொடுத்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார். கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று ஜனாதிபதி வில்சனுக்கு அம்மாநாடு தந்தியும் அனுப்பியது. கூந்தல் தைலம் விற்கும் பெண்களின் கூட்டம் ஜனாதிபதிக்குத் தந்தி அடிக்கிறது! தலை வாரும்போது அவர்கள் பேசிக்கொண்டது தலைமுடியைப் பற்றி மட்டும் என்று இனி எவர் சொல்ல முடியும்?

எஸ்ரி லோடர் வேறு வகையினர். நியூயோர்க்கில் குடியேறிகளின் மகளாகப் பிறந்து, இரசாயனம் அறிந்த மாமன் ஒருவரிடம் கிறீம் செய்யக் கற்றுக்கொண்டவர். சிகை அலங்கார நிலையத்தில் கூந்தல் உலரும்வரை எழுந்திருக்க முடியாமல் அமர்ந்திருக்கும் பெண்களிடம் சென்று, அவர்கள் முகத்தில் கிறீமைத் தடவி, போகும்போது சிறிது மாதிரியையும் கையில் கொடுத்து அனுப்புவார். 1946 இல் கணவருடன் சேர்ந்து ஸ்தாபனம் தொடங்கிய பின்னரும், கடைதோறும் தாமே சென்று விற்பனைப் பெண்களுக்குத் தொட்டுக் காட்டும் முறையைப் பழக்கினார். 1953 இல் அவர் வெளியிட்ட ஒரு வாசனைத் தைலத்தைக் குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெயாகவே விற்றார். கணவன் வாங்கித் தரட்டும் என்று காத்திராமல் பெண்கள் தாமே வாங்கிக்கொள்ள அது வழிசெய்தது. வாங்குபவளின் மனத்தை இத்துணை நுட்பமாக அறிந்த வியாபாரிகள் சிலரே. எனினும் அவருடைய காலத்திலிருந்துதான் அந்தத் தொடுகை ஒரு பாடமாக, ஒரு முறையாக, பிறகு ஒரு கணக்காக மாறத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

யப்பானில் ஷிசெய்டோ ஸ்தாபனம் 1934 இலேயே ஒன்பது பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக அனுப்பியது. ஆகவே இது மேல்நாட்டுக்கே உரிய தந்திரம் என்று சொல்வதற்கும் இடமில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். முகப்பூச்சு விற்கும் பெண் காட்டும் அன்பு மெய்யா என்பதை அளக்க ஒரே ஓர் அளவுகோல்தான் எனக்குத் தென்படுகிறது. 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று அவளால் சொல்ல முடிகிறதா? புன்னகையையும் பிறந்தநாள் வாழ்த்தையும் விட்டுவிடுங்கள். பிறந்தநாளை இன்று கணனியே நினைவில் வைத்திருக்கிறது. வாங்க வந்தவளிடம், இந்தச் சாயம் உங்கள் நிறத்துக்குப் பொருந்தாது, அல்லது இதைவிட மலிவான அந்தக் குப்பியே போதும், அல்லது இந்தத் தழும்புக்கு நாங்கள் விற்பது எதுவும் உதவாது, வைத்தியரிடம் காட்டுங்கள் என்று சொல்கிறாளே ஒருத்தி, அவள்தான் உறவு கொண்டாடத் தகுந்தவள்.

இவ்வாறு சொல்பவளைத் தேடிப் பிடிப்பது ஏன் கடினமாயிருக்கிறது? அவள் கெட்டவள் என்பதனால் அன்று. பல நாடுகளின் பேரங்காடிகளில் அந்த மேசையில் நிற்பவளுக்குச் சம்பளம் கொடுப்பது அங்காடி அன்று. கிறீமைச் செய்யும் கொம்பனி. அந்தக் கொம்பனியின் சட்டையை அணிந்து, அதன் பண்டத்தை மட்டுமே காட்டி, மாதத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்ற தொகையைத் தலையில் சுமந்துகொண்டு அவள் நிற்கிறாள். விற்றதிலே நூற்றுக்கு இத்தனை என்று கொமிஷன். இந்த நிலையில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் அவளுடைய வீட்டு அடுப்பையே தொடுகிறது. ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983 இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சிரிப்பும் பரிவுமே கூலிக்கு விற்கப்படும் உழைப்பாகிவிட்டதை விளக்கினார். முகப்பூச்சு மேசையில் நிற்பவளுக்கு அது இன்னும் பொருந்தும். பணிப்பெண்ணின் சிரிப்பு பிரயாணம் முடிந்ததும் முடிகிறது. இவளுடைய சிரிப்போ அடுத்த மாதமும் அதே வாடிக்கையாளரை அழைத்து வர வேண்டும்.

கொமிஷன் அவளைத் தள்ளும் வழி ஒன்று உண்டு. அதை நான் மிகவும் வெறுக்கிறேன். வந்தவளின் முகத்தில் முதலில் ஒரு குறையைக் கண்டுபிடித்தல். 'அக்கா, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருக்குதே, நித்திரை இல்லையோ?' கேள்வி பரிவாகவே ஒலிக்கிறது. 'அக்கா' என்ற முறைச்சொல்லும் கூடவே வருகிறது. ஆனால் கடைக்குள் நுழையும்வரை அந்தக் கறுப்பைப் பற்றி அக்காவுக்குக் கவலையே இருந்ததில்லை. உறவுமுறை சொல்லி அழைக்கும் நம் நல்ல வழக்கம் இங்கே தூண்டிலில் கோத்த புழுவாகிவிடுகிறது. வெறும் 'மேடம்' என்று அழைத்துவிட்டுக் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பவள் இவளைவிட நாணயமானவள் என்பேன்.

குறைகளுள் எல்லாம் பெரிய குறையாக நம்மவரிடையே விற்கப்படுவது நிறம். 1975 ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவில் விற்கப்பட்ட புகழ்பெற்ற வெண்மைக் கிறீம் ஒன்று, 2020 இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. சொல் போயிற்று, ஆசை போகவில்லை. சுருக்குப்பொட்டலங்களிலும் முகவரியில்லாத டப்பிகளிலும் வரும் மலிவான வெண்மைக் கிறீம்களிற் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலில் நிறப்பொருள் உண்டாவதைப் பாதரசம் தடுப்பதால் முகம் வெளுப்பது உண்மையே. கூடவே அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தோலில் தடிப்பையும் தழும்பையும் விளைவிக்கிறது. மனச்சோர்வையும் தரலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாற்றா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள ஒப்பனைப் பொருட்களை 2020 உடன் நிறுத்தும்படி விதித்தது. 2023 இல் கூடிய மாநாடு அந்த 1 பங்கு விலக்கையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவாயினும் 2025 உடன் ஒழிய வேண்டும் என்று தீர்மானித்தது. மாநாடுகள் தீர்மானிக்கும். சந்தியிலுள்ள சிறு கடையில், பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி கூச்சத்தோடு 'வெள்ளையாக வாற கிறீம்' கேட்கும்போது, அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற அங்கே இருப்பவள் கடைக்காரப் பெண் ஒருத்தியே. 'வேண்டாம் தங்கச்சி, இதிலே செய்தவன் பெயரும் இல்லை, என்ன சேர்த்தது என்றும் இல்லை' என்று அவள் சொன்னால் ஒரு சிறுநீரகம் பிழைக்கலாம். அவள் வாய்மூடி இருந்தால் ஒரு டப்பி விலைபோகும்.

நிறத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. கறுத்த மேனிக்கு ஏற்ற பூச்சே இல்லாத மேசையில் என்ன உறவை வளர்ப்பது? அமெரிக்காவில் யூனிஸ் ஜோன்சன் நடத்திய ஆடைக் காட்சிகளிலே, தம் நிறத்துக்குப் பூச்சுக் கிடைக்காத கறுப்பினப் பெண்கள் இரண்டு மூன்று பூச்சுகளைக் குழைத்துப் பூசிக்கொள்வதை அவர் கண்டார். பெரிய ஸ்தாபனங்கள் கைவிரித்ததன் பின்னர் 1973 இல் 'பஷன் பெயார்' என்ற பெயரில் தாமே அப்பூச்சுகளைச் செய்வித்து விற்றார். 2017 இல் பாபடோஸ் தீவிலே பிறந்த பாடகி ரிஹானா 40 நிறச்சாயல்களில் பூச்சை வெளியிட்டபோது உலகம் அதனைப் பெரும் புதுமையாகக் கொண்டாடியது. இரண்டுக்கும் இடையே 44 ஆண்டுகள். அவ்வளவு காலமும் எத்தனை பெண்கள் இன்முகத்தோடு வரவேற்கப்பட்டுச் சாம்பல் பூத்த முகத்தோடு அனுப்பப்பட்டிருப்பார்கள்!

வெள்ளை மேலங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968 இல் தோல் வைத்தியர் ஒருவரின் ஆலோசனையோடு பிறந்த கிளினீக் என்ற கொம்பனி, தன் விற்பனைப் பெண்களுக்கு வைத்தியசாலையை நினைவூட்டும் வெள்ளை அங்கியை அணிவித்தது, பிறரும் பின்பற்றினர். சுத்தத்துக்கு அது அடையாளமாகலாம். ஆனால் வைத்தியருக்குத் தரும் நம்பிக்கையை வைத்தியர் அல்லாதவருக்குப் பெற்றுத் தரும் உடை அது. உறவை வளர்க்க வேண்டுமாயின் முதலில் அந்த அங்கியைக் கழற்றி வைப்பது நன்று.

2020 இல் பெருந்தொற்று வந்தபோது தொட்டுப் பூசும் வழக்கமே நின்றுபோயிற்று. மாதிரிக் குப்பிகள் மூடப்பட்டன. அதற்கு முன்னரே, 2018 இல், முகத்தைப் படம் பிடித்துச் சாயத்தைத் திரையில் பூசிக் காட்டும் கனேடியக் கொம்பனி ஒன்றை லொரேயால் ஸ்தாபனம் வாங்கியிருந்தது. இனி விற்பனைப் பெண்ணே வேண்டாம், கைத்தொலைபேசி போதும் என்றார்கள். தொலைபேசிக்குக் கொமிஷன் இல்லையே, அது உண்மை சொல்லாதா என்று சிலர் கேட்கக்கூடும். அதைச் செய்வித்தவனே கிறீமையும் செய்கிறான் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். மேலும் திரை ஒருபோதும் புறங்கையிலே துளியை இட்டு, நாளைவரை பொறுத்துப் பாருங்கள், கடித்தால் பூச வேண்டாம் என்று சொல்வதில்லை. தோல் ஏற்குமா மறுக்குமா என்பதைத் தோல்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே கடை உரிமையாளர்களிடம் நான் கேட்பது பயிற்சி வகுப்பை அன்று. அந்தப் பெண்ணுக்குக் கொமிஷனை நம்பாமல் வாழத்தக்க நிலையான சம்பளம் கொடுங்கள். விற்றதை மட்டும் எண்ணாமல், திரும்பி வந்தவர்களையும் எண்ணுங்கள். ஒரே கொம்பனியின் பண்டத்தோடு அவளைக் கட்டிப்போடாதீர்கள். பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவளுக்கு, அவள் பேசும் மொழியிலேயே, படித்துக் கொடுங்கள். இவற்றால் முதல் சில மாதங்கள் விற்பனை குறையலாம். குறையாது என்று பொய் சொல்ல நான் வரவில்லை.

இன்னொன்று அவள் கால்களைப் பற்றியது. இங்கிலாந்தில் 1899 ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனமாவது வைக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018 இல் அமரும் உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021 இல் அச்சட்டம் வந்தது. நம் நாட்டின் 1954 ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்திருக்கிறது. அந்த 8 மணி நேரத்தையும் குதி உயர்ந்த சப்பாத்தில் நின்றே கழிப்பவள், மாலை 6 மணிக்கு வரும் வாடிக்கையாளரிடம் என்ன பரிவைக் காட்ட முடியும்? ஒப்பனை மேசையின் முன்னே உயரமான அழகிய ஆசனம் ஒன்று எப்பொழுதும் இருக்கிறது. அது முகம் காட்ட வருபவருக்கு. அடுத்த முறை அதில் அமர்பவர்கள் மேசைக்கு அந்தப் பக்கத்தையும் சற்று எட்டிப் பார்த்து, அங்கேயும் ஒன்று இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்பார்களாக.