கணப்புச் சட்டி

எங்கள் ஊரை அக்னித் தலம் என்பார்கள். கிருத யுகத்தில் நெருப்பு மலை, திரேதாவில் மாணிக்க மலை, துவாபரத்தில் பொன் மலை, இந்தக் கலியில் கல் மலை என்று தல புராணம் சொல்லும். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கிரிவலம் போனவர்களைக் கேட்டால், இன்னும் நெருப்பு மலைதான் என்பார்கள். மார்கழியில் வந்து பாருங்கள். மேகமே இல்லாத ராத்திரிகளில் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். விடியற்காலை கோலம் போடக் குனிந்தால் விரல் மடங்காது.

"இப்படி ஒரு குளிரை நான் பார்த்ததே இல்லை" என்று மாமியார் சொன்னார். வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனால் இந்த முறை நானும் தலையாட்டினேன். காரணம், வீட்டில் 27 நாள் குழந்தை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"பச்சை உடம்புக்காரிக்கும் குழந்தைக்கும் குளிர் ஆகாது. கணப்புச் சட்டி வைக்கணும்" என்றார் அத்தை. பரணிலிருந்து இரும்புச் சட்டி இறங்கியது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கினோம். அத்தை அதில் கெட்டிக்காரர். கொல்லையில் வைத்து மூட்டி, புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேல் என்று கனன்ற பிறகே உள்ளே கொண்டுவந்தார். "புகை இருந்தால்தான் குழந்தைக்குக் கெடுதல். இப்போ ஒண்ணும் இல்லை" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சன்னலைச் சாத்தி, கதவையும் சாத்திக்கொண்டு மகளும் குழந்தையும் அத்தையும் படுத்தார்கள். அறை கதகதவென்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

விடியற்காலை 4 மணிக்குக் கடிகாரம் வைத்த மாதிரி பாலுக்கு அழும் குழந்தை அன்றைக்கு அழவில்லை.

கோயில் பக்கம் மார்கழிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்குப் போனவள் ஏனோ திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தேன். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தலை வெடிக்குதும்மா, எழுந்தா சுத்துது" என்றாள். கீழே வாந்தி. அத்தை கூப்பிட்டதற்கு "ம்ம்" என்றாரே தவிர கண்ணைத் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்கினேன். துணிபோலக் கையில் தொங்கியது.

நல்லவேளை, என் கணவர் கேள்வி கேட்காமல் கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்தார். மூவரையும் வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிட்டோம். காற்று பட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தை சன்னமாக முனகியது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மீட்டர் இருந்தது. மகள் விரலில் மாட்டினால் 98 காட்டியது. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு" என்று எனக்குக் குழப்பம். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது, "அறைக்குள்ள என்ன எரிஞ்சுது?" கரி என்றதும் மூவருக்கும் ஆக்சிஜன் மாஸ்க் போடச் சொல்லிவிட்டார். 98 பற்றிச் சொன்னேன். "அந்த மீட்டரை இதுக்கு நம்பாதீங்கம்மா" என்று விளக்கினார்.

கரி போதுமான காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயு பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு உட்கார இடம் இருக்காது. விரல் மீட்டர் ரத்தத்தின் சிவப்பைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற கருவி. இந்த வாயு ஏறிய ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் அது ஏமாந்துபோகிறது. சரியான அளவு தெரிய ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்தால் உடம்பில் ஏறிய வாயு பாதியாகவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பாதி போய்விடும்.

அப்படியானால் அத்தை பார்த்துப் பார்த்துப் போக்கிய புகை? யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு நாள்கணக்கில் வேகவைத்துக் கரி எடுக்கிறார்கள். விறகின் புகை பெரும்பாலும் அங்கேயே போய்விடுகிறது. விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். கரி அந்த எச்சரிக்கையைக்கூடத் தருவதில்லை. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, மேலே சாம்பல் மூடி அணைந்த மாதிரி இருக்கிற அந்தக் கங்கிலிருந்தும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

மூவரும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். "உன் புருஷனையும் அவன் தங்கச்சிகளையும் இப்படிச் சட்டி வைச்சுத்தானேம்மா வளர்த்தேன்? அப்போ ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டார். பொய்யில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

திருவூடல் தெருவில் அவர்கள் இருந்தது ஓட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து, கதவிடுக்கில் விரல் நுழையும் வெளிச்சம். அந்த வீடு தூங்கும்போதும் மூச்சு விடும். இப்போது நாங்கள் இருப்பது கான்கிரீட் பெட்டி. ஏசி காற்று வெளியே போகக் கூடாதென்று ரப்பர் வைத்த அலுமினியச் சன்னல், கதவுக்கடியில் பூரான் வராமலிருக்க நானே ஒட்டிய பட்டை. அத்தை செய்தது அதே காரியம்தான், மாறியது வீடு. இதைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இந்தச் செய்தி அடிக்கடி வருகிறது. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானல் போனவர்களில் இருவர், கறி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள், எழுந்திருக்கவில்லை. தென்கொரியாவில் ஒரு காலத்தில் தரைக்கடியில் நிலக்கரி வில்லைகளை எரித்து வீட்டைச் சூடாக்குவார்கள். தரை வெடிப்பு வழியாக வாயு கசிந்து தூக்கத்திலேயே செத்தவர்கள் ஏராளம். நம் ஊர்க் குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எமன்தான். வெளியே குழாய் போகாமல், காற்றுப்போக்கும் இல்லாமல் இருந்தால் இன்றே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

"சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா?" என்று என் நாத்தனார் போனில் கேட்டார். போதாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. நெருப்பே உள்ளே வரக் கூடாது, குழந்தைக்குச் சாம்பிராணி போடும் தூபக்கால் உட்பட. ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் என்றால், ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று எலுமிச்சம்பழம் பிழியப் போகாதீர்கள். முதலில் வெளியே தூக்கி வாருங்கள், பிறகு 108. டாக்டரிடம் கரியைப் பற்றிச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்தான் ஆபத்து அதிகம்.

குழந்தைக்கு என்ன செய்தோம் என்கிறீர்களா? குல்லா, காலுறை, பிறகு அம்மாவின் மார்போடு சேர்த்து மேலே ஒரு போர்வை. டாக்டர் சொன்ன வழி, ஒரு ரூபாய் செலவில்லை. அத்தைக்குக் காலடியில் வெந்நீர்ப் பை.

கணப்புச் சட்டி இப்போது கொல்லையில்தான். சாயங்காலம் அத்தை அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கை காய்கிறார். மதில் மேல் சாய்ந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்றைய கதையைக் கேட்கிறார்கள். நேற்று காது கொடுத்தேன். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, நான்தான் மருமகளைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே பேசவில்லை. காபி ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.