பெயர் முதலாளிக்கு, தூசி தொழிலாளிக்கு!

பிரிட்டனில் "வீட்டை ஹூவர் பண்ணியாச்சா?" என்று கேட்பார்கள். தூசி உறிஞ்சும் மின்சாரக் கருவியால் தரையைச் சுத்தம் செய்தாயிற்றா என்று அர்த்தம். ஹூவர் என்பது என்ன? சுத்தத்துக்கு இங்கிலீஷ் வார்த்தையா? இல்லை தோழர்களே! அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் தோல் சாமான்கள் செய்து விற்ற ஒரு முதலாளியின் பெயர்!

சரி, கருவியைச் செய்தது அவரா? அதுவும் இல்லை. ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர், காண்டன் நகரில் ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கிய தொழிலாளி. ஆஸ்துமாக்காரர், தூசி பறந்தால் மூச்சு முட்டும். விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு கருவியைக் கட்டினார். 1908ல் காப்புரிமை பெற்றார். ஆனால் தொழில் நடத்தப் பணம்? அது ஹூவரிடம் இருந்தது. உரிமையும் அவரிடமே போய்ச் சேர்ந்தது. ஸ்பாங்ளருக்கு ராயல்டி கிடைத்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. 1915ல் அவர் காலமானார். இன்று அவர் பெயரை எந்த வீட்டில் சொல்கிறார்கள்?

பெண்களுக்கு ஓய்வு வந்துவிட்டது என்று விளம்பரக்காரர்கள் தம்பட்டம் அடித்தார்கள். வந்ததா? வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வெளியே போட்டு, ஆண்களும் கூட நின்று அடித்த கம்பளத்தை, வாராவாரம் அவள் ஒருத்தியே சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று! அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், வீட்டுக் கருவிகளைப் பற்றி 1983ல் எழுதிய நூலுக்கு "தாய்க்குக் கூடுதல் வேலை" என்றே பெயர் வைத்தார்.

பெயர் நிலைத்தது, வேலை நிலைத்ததா? 1993ல் பிரான்சில் டிஜோன் நகரை ஒட்டிய ஆலையை மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. சுமார் 600 பேர் தெருவுக்கு வந்தனர். அந்த வேலை ஸ்காட்லாந்தின் கேம்பஸ்லாங் ஆலைக்குப் போயிற்று. சும்மா போகவில்லை! சம்பள உயர்வை நிறுத்தி வைக்கவும், புதிதாக வருவோரைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் எடுக்கவும் அங்குள்ள தொழிலாளர்கள் சம்மதித்த பிறகுதான் போயிற்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே பேரம்தான். பிரெஞ்சுக்காரன் வயிற்றில் அடித்துவிட்டு, ஸ்காட்லாந்துக்காரனிடம் "உனக்கு வாழ்வு தந்தேன்" என்றார்கள். எத்தனை நாள் வாழ்வு? 2005ல் கேம்பஸ்லாங்கிலும் உற்பத்தி நின்றது. வேலை சீனாவுக்குக் கப்பலேறியது.

லண்டனுக்கு மேற்கே பெரிவேலில் 1930களில் அரண்மனை போலக் கட்டிய ஆலையும் 1982லேயே மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கே பெரிய கடையும் குடியிருப்புகளும் இருக்கின்றன. அந்த வீடுகளிலும் தரையை "ஹூவர்"தான் பண்ணுகிறார்கள்.